ஒரே மாத்திரை, வேறு வேறு வயது

திருவண்ணாமலைக் கோயில் வாசலில் செவ்வரளி மாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அரளிச் செடி நஞ்சு என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த நஞ்சு தாக்குவது இதயத்தை. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பொருள், அளவோடு கொடுத்தால், தளர்ந்த இதயத்துக்கு மருந்தாகிறது. அதுதான் டிஜாக்சின். ஐரோப்பாவில் வளரும் டிஜிடாலிஸ் வகைச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. இவ்வகைச் செடியின் மருத்துவ குணம் பற்றி வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785-இல் ஒரு நூலே எழுதினார்.

இம்மருந்தில் குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆகவே எவ்வளவு உள்ளே போகிறது என்பதோடு எவ்வளவு வெளியேறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெளியேற்றுவதில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது.

கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுள் என்று படிக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதே கணக்குதான். சிறுநீரகம் நன்றாக இயங்கும் பெரியவரின் உடலில் டிஜாக்சின் பாதியாகக் குறைய 36 முதல் 48 மணி நேரம் ஆகும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ ஏறத்தாழ 4 நாள். 36 மணி என்றால் ஒரு நாளில் 37 சதவீதம் வெளியேறும். 4 நாள் என்றால் 16 சதவீதமே. இருவரும் தினம் ஒரு மாத்திரை விழுங்குவதாகவும், அது முழுவதும் உடலில் சேர்வதாகவும் கொள்வோம். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுபோல, வரவும் செலவும் சமமாகும்வரை மருந்து ஏறிக்கொண்டே போகும். முன்னவர் உடலில் 2.7 மாத்திரை அளவில் நின்றுவிடும். பின்னவர் உடலில் 6-ஐத் தாண்டிவிடும்! குமட்டல், மஞ்சளாகத் தெரியும் பார்வை, தாறுமாறான நாடித்துடிப்பு எல்லாம் அப்போது தலைகாட்டும்.

வயது இந்த ஓட்டையின் அளவை மாற்றுகிறது. பெரியவரின் சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 120 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. பிறந்த குழந்தையில், உடலளவுக்கு ஈடுசெய்து பார்த்தாலும், இதில் மூன்றிலொரு பங்குகூட இராது. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு. ஒன்று, இரண்டு வயதுக்குள் பெரியவர் நிலையை எட்டிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் டிஜாக்சின் பெரியவருக்கு வேண்டியதைப்போல் இரு மடங்குக்கும் மேல். குழந்தையைச் 'சின்ன மனிதன்' என்று எடையால் வகுத்துக் கணக்கிட முடியாது.

முதுமையில் வடிகட்டும் திறன் மெல்ல இறங்குகிறது. ஆனால் இரத்தப் பரிசோதனை அதை மறைத்துவிடக்கூடும். சிறுநீரகத்தின் நிலையை அறிய உதவும் கிரியேட்டினின் தசையில் உண்டாவது. முதியவருக்குத் தசை குறைவு, அதனால் அதுவும் குறைவாகவே உண்டாகும். ஆகவே 1976-இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரத்தில் வயதும் இடம்பெற்றது. ஆண்களுக்கு: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினின் அளவின் 72 மடங்கால் வகுக்க வேண்டும். எடை 50 கிலோ, கிரியேட்டினின் 1 மில்லிகிராம் என்று இருவருக்கும் ஒரே அறிக்கை வந்தாலும், 30 வயதுக்காரருக்கு விடை நிமிடத்துக்கு 76 மில்லிலிட்டர். 80 வயதுத் தாத்தாவுக்கு 42.