அரிக்கமேட்டின் மண்ணடுக்குகள்

ஆறு ஊரை வளர்க்கும் என்பதை மகாவலிக் கரையிலுள்ள கட்டுகஸ்தோட்டைவாசிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலும் அவ்வாறு வளர்ந்த பண்டைத் துறைமுகம் ஒன்று மண்ணுள் புதைந்து கிடக்கிறது. அதுவே அரிக்கமேடு.

1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டுச் சிவப்பு மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. எனவே, அதே மண்ணடுக்கிற் கிடந்த உள்நாட்டுக் கலங்களின் காலமும் துலங்கிற்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு, உரோமப் பொருள்கள் வருமுன்பே அங்கு மக்கள் குடியிருந்தனர் எனக் காட்டியது.

இவ்வளவையும் நமக்குக் கூறியவை மண்ணடுக்குகளே. செங்கல்லுக்காக மேட்டைத் தோண்டியோர் அவற்றைக் குலைத்தனர். குலைந்த அடுக்கை மீண்டும் அமைத்தல் எவராலும் இயலாது. அம்மேட்டைச் சட்டம் காத்து நிற்பது இதனாலேயே.