லேப்டாப்புக்குக் காது இல்லை

கன்னிவாடி, பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி. தமிழ்நாட்டின் எல்லா ஊர்களையும் போல இங்கேயும் பல வீடுகளுக்கு இரண்டு திரைகள் அரசுத் திட்டங்கள் வழியாக வந்தன. 2006 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் 14 அங்குலக் கலர் டிவி. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில், படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப். முன்னது குண்டு, பின்னது ஒல்லி. எந்தக் கணக்கில் பார்த்தாலும் லேப்டாப்தான் கெட்டிக்காரப் பொருள். ஆனால் அந்தந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து வயரைச் செருகிப் பாருங்கள். குண்டு டிவி சட்டென்று படம் காட்டும். லேப்டாப் கம்மென்று இருக்கும். ஓட்டையும் வயரும் கச்சிதமாகப் பொருந்தியும் ஒன்றும் நடக்காது.

டிவி ஏன் காட்டியது என்பதிலிருந்து தொடங்கினால்தான் இது பிடிபடும். கேபிள் வருவதற்கு முன்பு தென்மாவட்டங்களில் மொட்டைமாடி ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிவைத்துத்தான் தூர்தர்ஷன் பார்த்தார்கள். மலைமேல் இருக்கும் கோபுரம் ஆயிரக்கணக்கான வாட் சக்தியோடு ரேடியோ அலையை அனுப்பும்; படம் அந்த அலையின் மேல் ஏறி வரும். தொண்ணூறுகளில் பிள்ளைகள் கேசட் மாட்டி விளையாடிய சாமுராய், மீடியா போன்ற டிவி கேம் பெட்டிகளும் செய்தது அதே வேலைதான். அவற்றுக்குள் மாடுலேட்டர் என்ற சின்னத் தகரக் கூடு இருந்தது. கேமின் படத்தை டிவி சேனலின் அலைவரிசைக்கு ஏற்றி, ஆன்டெனா வயர் நுழையும் அதே துளை வழியாக அனுப்பியது அந்தக் கூடுதான். ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத சக்தி அதற்கு. ஆனாலும் அது அசல் ஒளிபரப்பு நிலையம். கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வரும் அலைக்கும், தரையில் கிடக்கும் பெட்டியிலிருந்து வரும் அலைக்கும் டிவி வேற்றுமை பார்க்கவில்லை. சேனலைத் திருப்பினால் போதும், மரியோ ஓடத் தொடங்கிவிடுவான். டிவி பிறந்ததே கேட்பதற்காக.

லேப்டாப் அப்படிப் பிறக்கவில்லை. அதன் திரைக்குப் படம் வருவது ஒரே வழியில்: உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து, கீல் வழியாக மேலேறும் ஒரு மெல்லிய கேபிளில். வெளியிலிருந்து வரும் படத்தை அந்தக் கேபிளுக்குள் திருப்பிவிட எந்தப் பாதையும் கிடையாது. பக்கவாட்டில் உள்ள எச்டிஎம்ஐ துளை, புரொஜெக்டருக்கும் டிவிக்கும் படத்தை வெளியே அனுப்புவதற்காக வைத்தது. பிளேஸ்டேஷன் போன்ற கேம் பெட்டியின் எச்டிஎம்ஐ துளையும் அனுப்பத்தான். இருவரும் பேசுகிறார்கள், கேட்க ஆள் இல்லை. இதற்கு விலக்கான கணினிகள் சில உண்டு. 2009 கடைசியில் வந்த 27 அங்குல ஐமேக் வெளியிலிருந்து வரும் படத்தை வாங்கிக் காட்டியது. ஏலியன்வேர் லேப்டாப்புகள் சிலவற்றில் படம் உள்ளே வருவதற்கென்றே தனித் துளை இருந்தது. இரண்டும் பரவவில்லை. மேசைக் கணினியின் மானிட்டருக்கு இந்தத் தகராறே இல்லை. அது டியூனர் இல்லாத டிவி மாதிரி; எச்டிஎம்ஐ துளை இருந்தால் கேம் பெட்டியை நேராகச் செருகிவிடலாம். ஸ்பீக்கர் இல்லாத மானிட்டர் என்றால் ஹெட்போனைக் கன்ட்ரோலரில் மாட்டிக்கொண்டால் சரி.

லேப்டாப்தான் வேண்டும் என்பவர்களுக்காகப் பென்டிரைவ் அளவில் ஒரு பொருள் விற்கிறது. கேப்சர் கார்டு என்பார்கள். அது செய்யும் காரியம் இரட்டை வேடம். கேம் பெட்டியிடம் தன்னை டிவி என்று சொல்லிக்கொள்கிறது, லேப்டாப்பிடம் வெப்கேம் என்று சொல்லிக்கொள்கிறது. இரண்டும் நம்பிவிடுகின்றன.

முதல் வேடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எச்டிஎம்ஐ வயரின் முனையில் 19 பின்கள். படமும் ஒலியும் போவதற்கு முன்பே அங்கே ஓர் அறிமுகம் நடந்து முடிகிறது. கேம் பெட்டி 18ஆம் பின்னில் 5 வோல்ட் தரும். எதிரே ஒரு திரை இருந்தால் அது 19ஆம் பின்னை உயர்த்தி ‘இருக்கிறேன்’ என்று தெரிவிக்கும். உடனே கேம் பெட்டி இன்னும் இரண்டு பின்கள் வழியாக அந்தத் திரையின் ஜாதகத்தை வாங்கிப் படிக்கும். அடிப்படை ஜாதகம் வெறும் 128 பைட். முதல் எட்டு பைட் ஓர் அடையாள வரிசை: இரு முனையிலும் முழுப் பூஜ்யம், நடுவே ஆறு பைட்டில் முழுக்க ஒன்று. பிறகு தயாரித்தவரின் மூன்றெழுத்துப் பெயர், எழுத்துக்கு ஐந்து பிட் வீதம் இரண்டே பைட்டில் மடித்துவைத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, திரை எத்தனை சென்டிமீட்டர் அகலம், எத்தனை உயரம், எந்தெந்த அளவில் படம் காட்டும் என்ற விவரம். கேப்சர் கார்டுக்குத் திரையே கிடையாது. ஆனாலும் இப்படியொரு ஜாதகத்தை எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கேம் பெட்டி படத்தை அனுப்பத் தொடங்குகிறது.

இரண்டாவது வேடத்தில்தான் சிக்கல் வருகிறது. முழு எச்டி படம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட். மலிவான கார்டுகள் பயன்படுத்தும் யுஎஸ்பி 2.0 தாங்குவதோ, ஏட்டில் உள்ளபடியே, நொடிக்கு 48 கோடி. ஆறில் ஒரு பங்குகூட உள்ளே நுழையாது. அப்படியானால் படம் சுருங்கியாக வேண்டும், அதுவும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாதபடி.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது இந்த இடம். அந்தச் சுருக்கும் வித்தையின் மையக் கணக்கைக் கொடுத்த ஆய்வுக் கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. எழுதியவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கே. ஆர். ராவ். 1972இல் நசீர் அகமது இந்த யோசனைக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை, 1973 கோடை விடுமுறையில் உட்கார்ந்து வேலையை முடித்தார். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் 64 அடிப்படைக் கோலங்களின் கலவையாக எழுதலாம் என்பது அந்தக் கணக்கு: சீரான ஒரே நிறம் ஒரு கோலம், மெதுவாக மாறும் நிழல் இன்னொன்று, நெருக்கமான கோடுகள் மற்றொன்று. வானம், சுவர், முகம் என்று பெரும்பாலான சதுரங்களுக்குச் சில கோலங்களே போதும். நெருக்கமான கோலங்களைக் கொஞ்சம் விட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. போனில் எடுக்கும் ஜேபெக் புகைப்படமும் இந்த வழியில்தான் சுருங்குகிறது. கேப்சர் கார்டு அதையே ஒவ்வொரு படத்துக்கும் செய்து, நொடிக்குப் பல முறை லேப்டாப்புக்குள் தள்ளுகிறது. அங்கே ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கேமரா பட்டியலில் இந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்தால் கேம் தெரியும்.

தெரியும், ஆனால் தாமதமாக. ஒரு படம் முழுதாக வந்து, சுருங்கி, யுஎஸ்பி வழியே போய், விரிந்து, லேப்டாப் திரையில் ஏற வேண்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி. நாலைந்து படம் பின்தங்கினாலே, பொத்தானை அமுக்கியதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவே இடைவெளி கையில் தட்டுப்படும். சதுரங்கம் ஆடலாம், ஃபிபாவும் சண்டை கேமும் ஆடுவது கஷ்டம். குண்டு டிவியில் இந்தப் பேச்சே கிடையாது. அது படத்தைச் சேமித்துவைப்பதில்லை. வரிக்கு 64 மைக்ரோநொடி வீதம், சிக்னல் வர வர எலக்ட்ரான் கதிர் வரைந்துகொண்டே போகும்.

அதனால், விளையாட்டைப் பதிவு செய்யக் கேப்சர் கார்டு நல்லது. விளையாடுவதற்கு என்றால், படத்தை அப்படியே ஒரு டிவிக்கும் கடத்திவிடும் இரண்டாவது துளை உள்ள கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் நல்ல ரவுட்டர் இருந்தால் கார்டே வேண்டாம். பிளேஸ்டேஷன் 4, 5 பெட்டிகளில் (பிஎஸ்4, பிஎஸ்5) ரிமோட் ப்ளே வசதி உண்டு. கேம் பெட்டியே படத்தைச் சுருக்கி நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். கேம் பெட்டியையும் லேப்டாப்பையும் ரவுட்டரோடு வயரால் இணைத்தால் தடங்கல் குறையும்.

கார்டு வாங்கிச் செருகியும் திரை கறுப்பாகவே இருந்தால் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். திருட்டுப் பதிவைத் தடுக்கும் எச்டிசிபி பூட்டு விழுந்திருக்கும். பிஎஸ்4இலும் பிஎஸ்5இலும் செட்டிங்ஸில் அதை அணைக்கலாம். அணைத்தால் சில சினிமா ஆப்கள் ஓடாது, கேம் ஓடும். பிஎஸ்3இல் அணைக்கும் வசதியே இல்லை. அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிக்க வேண்டும். பல கார்டுகளில் அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு மட்டும். லேப்டாப்புக்குத் தருவது முழு எச்டி, நொடிக்கு 30 படம்.