"புரிந்ததா?" என்று கேட்கலாமா?

சென்ற வாரம் மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆறாம் வகுப்பு வாசிக்கும் அவருடைய புத்திரி கணினியின் முன் அமர்ந்து கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்பது கேள்வி. குழந்தை 2/5 என்று எழுதப் போனாள். பின்னால் நின்ற தகப்பனார், "சரியாய்ப் போச்சு! 5/6 போடு" என்றார். போட்டாள். விடை சரியென்று திரை தெரிவித்தது. "புரிந்ததா?" என்று கேட்டார் நண்பர். "புரிந்தது, அப்பா" என்றாள் குழந்தை. அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த நமக்குப் புரிந்தது.

அவள் வாசிப்பது கான் அகாடமி என்னும் இணையப் பள்ளியில். அது பிறந்த கதையே ஒரு குடும்பக் கதைதான். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உத்தியோகம் பார்த்து வந்த சல்மான் கான், 2004-ம் வருஷத்தில், நியூ ஆர்லியன்ஸிலிருந்த 12 வயது உறவுப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்தபடியே கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மற்ற உறவுக் குழந்தைகளும் வந்து சேரவே, 2006-ல் பாடங்களை வீடியோவாக்கி யூட்யூபில் போட்டார். அதன் பிறகு குழந்தைகள், அவரை நேரில் பார்ப்பதைக் காட்டிலும் வீடியோவில் பார்ப்பதே தேவலை என்று சொல்லிவிட்டார்களாம்! காரணம் இருக்கிறது. வீடியோவை நிறுத்தலாம்; பத்துத் தடவை திருப்பலாம்; "புரிந்ததா?" என்று அது கேட்பதில்லை. 2008-ல் இது இலாப நோக்கமற்ற ஸ்தாபனமாயிற்று. பாடங்களுக்கும் பயிற்சிகளுக்கும் இன்றும் கட்டணம் கிடையாது.

அந்த நிம்மதியைத்தான் நாம், அன்பின் மிகுதியால், குழந்தையிடமிருந்து பறித்து விடுகிறோம். இன்னொரு விபரீதமும் உண்டு. பயிற்சியின் நடுவே குழந்தை குறிப்புக் கேட்டால், அந்தக் கணக்குச் சரியாகப் போட்டதாக எண்ணப்படுவதில்லை. ஆனால் அப்பா காதில் ஓதும் விடை எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லையே! பின்னம் வந்துவிட்டதென்று நம்பித் தளம் அடுத்த பாடத்துக்கு வழிகாட்டுகிறது. வராத பின்னத்தின் மேல் விகிதமும், விகிதத்தின் மேல் சதவீதமும் ஏறி உட்காருகின்றன. குழந்தையோ தனக்குக் கணக்கே வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறது.

அப்படியானால் பெற்றோருக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. கணினியின் பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைப்பது முதல் வேலை. மனத்திலேயே போட்டு விடையைத் தட்டும் பழக்கம் பொல்லாதது. பெற்றோர் தனிக் கணக்குத் திறந்து குழந்தையின் கணக்கோடு இணைத்துக் கொண்டால், எந்தப் பயிற்சியில் தடுமாறுகிறது என்று சாவகாசமாகப் பார்க்கலாம். தவறு நேரும்போது விடையைச் சொல்லாமல், "எப்படிப் போட்டாய், சொல் பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் மகா கஷ்டம்; நமக்கும் அனுபவமுண்டு.

நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஏம்மா, பாதித் தோசையோடு இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தால் பாதியை விடக் குறையுமா?" என்று கேட்டார். குழந்தை 2/5-ஐ உற்றுப் பார்த்தாள். "குறையாதே!" என்று கூவிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள்.

அன்று மாலை அந்த வீட்டில் வார்த்த தோசைகள் எல்லாம் ஆறு துண்டுகளாகவே இலைக்கு வந்தன. ஆறிப் போயும் இருந்தன.