கல்லாப்பெட்டிக் கணினிக்கு ஏற்ற முகப்பு எது?

பொம்மையார்பாளையம் கடற்கரைச் சாலைக் கடைகள் முதல் திண்டிவனம் மொத்தக் கடைகள் வரை, நம் வணிகர்கள் பலரிடம் 2 ஜிபி, 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிகளே உள்ளன. பில் போடவும் இருப்புக் கணக்கு பார்க்கவும் அவை இன்றும் போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் தேவை. புதுக் கணினி வாங்க முதல் இல்லாதவர்கள், செலவில்லாத லினக்ஸ் பக்கம் பார்ப்பது இயல்பே.

லினக்ஸில் சரக்கு ஒன்று. கடை முகப்பு பல. ஜினோம், கேடிஇ, மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என விரும்பிய முகப்பை வைத்துக்கொள்ளலாம். நிறுவித் தருபவர் முதல் நாள் எதை வைக்கிறாரோ, அதையே கடைப் பையன் கடைசி வரை பயன்படுத்துவான். ஆகவே இந்தத் தேர்வை உரிமையாளரே கேட்டுச் செய்ய வேண்டும்.

இதில் நம் மாநிலத்துக்கு அனுபவம் உண்டு. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், ஜினோம் முகப்போடு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் தரப்பட்டது. அதே 2011-இல் ஜினோம் 3 வெளிவந்து, பழகிய பட்டியலையும் பட்டையையும் மாற்றியதோடு, திறன்மிக்க வரைகலை வசதியையும் கேட்டது. பழைய முறையை விரும்பியவர்கள் மாட்டேயை உருவாக்கினார்கள்.

வல்லுநர்களுக்கும் இதில் தயக்கம் உண்டு. டெபியன் குழு 2013-இல் இயல்பு முகப்பை எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாற்றியது. 2014-இல் ஜினோமுக்கே திரும்பியது. பார்வைக் குறையுடையோர் போன்றவர்களுக்கான வசதி ஜினோமில் சிறப்பாக இருந்தது ஒரு காரணம். எடை குறைவு மட்டுமே அளவுகோல் அல்ல என்பதை இது காட்டுகிறது.

நம் கடைகளுக்கு நாம் பரிந்துரைப்பது எக்ஸ்எஃப்சிஇ. 1996-இல் தொடங்கிய இது எளிமையானது, அடிக்கடி உருமாறாதது. லினக்ஸ் மின்ட் வழங்கும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் பட்டை கீழேயே இருப்பதால் விண்டோஸில் பழகிய கைக்குத் தடுமாற்றம் குறைவு. 2 ஜிபிக்கும் குறைவென்றால் எல்எக்ஸ்க்யூடி பார்க்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: முகப்பு எவ்வளவு இலகுவானாலும், இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்தால் கணினி திணறத்தான் செய்யும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதில் கிடைக்கும் வேகம் பெரிது.

மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை:

1. டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. அதையே நம்பியிருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

2. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, பில் பிரிண்டரும் பார்கோடு கருவியும் வேலை செய்கின்றனவா எனப் பார்க்கவும்.

3. தமிழ்99 விசைப்பலகையில் சரக்குப் பெயர்களைத் தட்டச்சு செய்து பார்க்கவும்.

4. கடன் பாக்கி, ஜிஎஸ்டி விவரங்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவைக்கவும்.

விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கிவருகிறது. ஐயம் உள்ளவர்கள் அணுகிக் கேட்கலாம். கூட்டம் குறைந்த நாளில், முதலில் ஒரே ஒரு கணினியில் மாற்றிப் பாருங்கள். ஒரு மாதம் தடையின்றி பில் ஓடினால் மற்றவற்றைத் தொடலாம்.