எந்த நூலை எடுப்பது? மட்டக்களப்பு வாசகர் வட்டங்களும் நூல் தெரிவும்

பலர் ஒரே நூலைத் தனித்தனியே வாசித்துவிட்டு, குறித்த ஒரு நாளில் கூடியிருந்து அதைப் பற்றிப் பேசும் ஏற்பாடே வாசகர் வட்டம் எனப்படுகிறது. அந்தப் பேச்சு சூடுபிடிப்பதும் சப்பென்று முடிவதும் பெரும்பாலும் கூட்டத்தன்று தீர்மானமாவதில்லை. எந்த நூலை எடுப்பது என்று முடிவுசெய்யும்போதே அது ஏறக்குறைய உறுதியாகிவிடுகிறது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை நீண்டுகிடக்கும் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் இந்தத் தெரிவுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். கடலோரம் அமைந்த எழுவான்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களிலும், வயல்கள் நிறைந்த படுவான்கரையில் பெரும்பாலும் தமிழரும் வாழ்ந்தாலும், கடந்த ஐம்பது ஆண்டுகளின் வரலாற்றை ஒவ்வோர் ஊரும் வெவ்வேறு நாள்களைக் கொண்டு நினைவுகூர்கிறது என்பதே அதற்குக் காரணம். 1990ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது காத்தான்குடியில் ஓகஸ்ட் 3ஆம் திகதிப் பள்ளிவாசல் படுகொலையே முதலில் நினைவுக்கு வரும். வந்தாறுமூலையில் செப்டெம்பர் 5ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களும், சத்துருக்கொண்டானில் அதே மாதம் 9ஆம் திகதி கொல்லப்பட்டவர்களுமே நினைவுக்கு வருவார்கள்.

இப்பகுதிக்கு வாசகர் வட்டம் புதிய வழக்கம் அன்று. பின்னாளில் தாரகி என்ற பெயரில் அறியப்பட்ட ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம், 1980களின் தொடக்கத்தில் மட்டக்களப்புப் பொது நூலகத்தில் கூடிய வாசகர் வட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவர். 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்ட பின்னர், மட்டக்களப்பில் களஆய்வு செய்த காலத்திலிருந்தே அவருக்கு நண்பராயிருந்த அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விட்டேக்கர் எழுதிய வாழ்க்கை வரலாறு 2007இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஊர் நூலகத்தில் நூல்களைப் பற்றி விவாதித்த ஓர் இளைஞரின் வாழ்க்கை, பிறர் கூடியிருந்து விவாதிக்கத்தக்க நூலாகவே ஆகிவிட்டது. நெருங்கிய நண்பர் எழுதும் வரலாற்றில் அந்த நெருக்கம் எதைக் காட்டியிருக்கும், எதை மறைத்திருக்கும் என்ற கேள்வியோடு அதை வாசிப்பது, உண்மைக் கதைகளை வாசிப்பதற்கு நல்ல பயிற்சியாகும்.

புனைவு, உண்மைக் கதை ஆகிய இரண்டையும் வட்டம் ஒரே கோலால் அளக்கக் கூடாது. புனைவு என்பது மாந்தரையும் நிகழ்ச்சிகளையும் எழுத்தாளர் தம் விருப்பப்படி உருவாக்கிக்கொள்ளும் எழுத்து. அது நடந்ததா என்று கேட்பதைவிட, அந்த மாந்தர் அந்தச் சூழலில் அப்படித்தான் நடந்துகொள்வார்களா என்று கேட்பதே பொருத்தம். உண்மைக் கதை என்ற பெயரில் வருபவற்றுள் ஒருவர் தம் முழு வாழ்வையும் சொல்லும் தன்வரலாறு, ஒரு காலத்தையோ ஓர் அனுபவத்தையோ மட்டும் சொல்லும் நினைவுக்குறிப்பு, தாம் கண்ட அநீதியைப் பிறர் அறியப் பதிவுசெய்யும் சாட்சியம் எனப் பல வகைகள் உண்டு. இவை அனைத்தும் ‘இது நடந்தது’ என்ற வாக்குறுதியோடு வாசகரிடம் வருவதால், அந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்க்கும் உரிமையும் வாசகருக்கு உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓப்ரா வின்ஃபிரே நடத்திய புகழ்பெற்ற வாசகர் வட்டம், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டதைச் சொல்லும் ஜேம்ஸ் ஃபிரேயின் நினைவுக்குறிப்பை 2005இல் தெரிவுசெய்தது. அதன் பல பகுதிகள் மிகைப்படுத்தப்பட்டவை, சில புனையப்பட்டவை என்று 2006 ஜனவரியில் வெளிப்பட்டபோது, ஃபிரே அதே நிகழ்ச்சியில் பார்வையாளர் முன்னிலையில் விளக்கம் சொல்ல நேர்ந்தது. அதுவே நாவலாக வெளிவந்திருந்தால் அந்தக் கேள்வி எழுந்திருக்காது.

வாவிக்கரை வாசகர்களுக்கு நாவல்களைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மட்டக்களப்பில் நெடுங்காலம் ஆசிரியராக வாழ்ந்த எஸ். பொன்னுத்துரையின் ‘தீ’, பாலுணர்வைக் கூச்சமின்றி எழுதியதற்காக 1960களில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது. எல்லோரும் தலையாட்டும் நூலைவிட, பாதிப்பேர் ஏற்கவும் பாதிப்பேர் மறுக்கவும் இடந்தரும் நூலே வட்டத்துக்கு உகந்தது என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அக்கரைப்பற்றுப் பகுதியைச் சேர்ந்த விமல் குழந்தைவேலின் ‘வெள்ளாவி’, அழுக்குத் துணியை ஆவியில் அவித்து வெளுக்கும் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்த சமூகத்தின் வாழ்வைச் சொல்கிறது. அவருடைய ‘கசகறணம்’, ஒரே சந்தையில் பிழைத்த தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்துபோன கதையைச் சொல்கிறது. ‘மறுகா’ (பிறகு), ‘ஒள்ளுப்பம்’ (கொஞ்சம்) போன்ற சொற்கள் இயல்பாகப் புழங்கும் மட்டக்களப்பு வட்டாரப் பேச்சில் அமைந்த இத்தகைய நாவல்களின் ஒரு பக்கத்தைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் உரத்து வாசித்தால், இலக்கியம் படித்தவர்களே பேசவேண்டும் என்று ஒதுங்கியிருக்கும் முதியவர்களும், தாம் அறிந்த சொல்லுக்கும் தொழிலுக்கும் விளக்கம் சொல்ல முன்வருவார்கள்.

உண்மைக் கதைகளைத் தெரிவுசெய்வது இதைவிடக் கடினம். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’, அவர் 2015இல் மறைந்த பின்னர் 2016இல் வெளிவந்ததும், அதன் கூற்றுகளைப் பற்றித் தமிழுலகெங்கும் வாதங்கள் எழுந்தன. இத்தகைய நூலை எடுக்கும்போது எழுதியவர் எங்கே நின்று பார்த்தார், எதைத் தாமே கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார், எந்தக் காலத்தில் எந்த நெருக்கடியில் எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற கேள்விகளை முன்கூட்டியே உறுப்பினர்களிடம் கொடுத்துவிடுவது நல்லது. அப்போது விவாதம் எழுதியவர் நல்லவரா கெட்டவரா என்ற பக்கம் சாயாமல், நூல் என்ன சொல்கிறது என்பதில் நிற்கும்.

நாவலையும் நடந்த நிகழ்ச்சியின் பதிவையும் இணையாக வைத்து அடுத்தடுத்த மாதங்களில் வாசிப்பது மிகுந்த பயன் தரும். ஷோபாசக்தியின் ‘ம்’ நாவல், 1983 ஜூலை 25, 27 ஆகிய இரு நாள்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட வெலிக்கடைச் சிறைப் படுகொலையைத் தொட்டு எழுதப்பட்டது. உயிர்தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டதும், அதே ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி அந்தச் சிறை உடைக்கப்பட்டதும் வரலாறு. முதல் மாதம் நாவலையும், மறுமாதம் அக்காலத்தைத் தம் அனுபவத்திலிருந்து எழுதிய சி. புஸ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ (2003) போன்ற ஒரு நூலையும் எடுத்தால், நடந்ததை நாவல் எங்கே வளைத்தது, எதற்காக வளைத்தது என்பது தெளிவாகும். சாட்சியத்திலும் தெரிவும் ஒழுங்கமைப்பும் இருக்கின்றன என்பதும் கூடவே விளங்கும்.

நடைமுறைக் காரியங்களையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையிலும் நாகர்கோவிலிலும் வெளியாகி இறக்குமதியாகும் நூல்கள் விலை கூடியவை என்பதால், குறைந்தது மூன்று நான்கு பிரதிகளாவது கைமாறக் கிடைக்கும் நூல்களையே பட்டியலில் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம். இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் இலவசமாக வழங்கும் ‘நூலகம்’ இணைய நூலகம் இதற்குக் கைகொடுக்கும். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டுப் பொறுப்புள்ள பெண்களும் ஒரு மாதத்தில் வாசித்து முடிக்க ஏறக்குறைய 250 பக்கமே அளவு. அதற்கு மேற்பட்ட நூலை இரண்டு மாதங்களாகப் பிரிக்கலாம். வாவியைக் கடந்து வருகிறவர்கள் கடைசிப் படகுக்கும் பஸ்ஸுக்கும் போகவேண்டியிருப்பதால், கூட்டத்தைப் பின்னேரத்திலேயே முடித்துக்கொள்வது முறை. இவை அனைத்துக்கும் மேலாக, காணாமலாக்கப்பட்ட உறவினரைத் தேடுகிறவர்களும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் வட்டத்தில் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொண்டு, நூலில் என்ன இருக்கிறது என்பதை முன்னரே சொல்லி, விரும்பாதவர் அந்த மாதம் வராதிருக்கவும் வந்து பேசாதிருக்கவும் இடம் விடவேண்டும்.

பட்டியலை ஒருவரே வகுக்காமல், உறுப்பினர் ஒவ்வொருவரும் முறைவைத்து ஒரு நூலைத் தெரிவுசெய்து, அதைத் தெரிவுசெய்ததற்கான காரணத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லும் வழக்கம் பல இடங்களில் நன்கு பயன்பட்டிருக்கிறது. மட்டக்களப்பு வாசகர்கள் அதனோடு இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்வது நல்லது: ஆண்டுப் பட்டியலில் தமிழ் எழுத்தாளர், முஸ்லிம் எழுத்தாளர், பெண் எழுத்தாளர் ஆகிய ஒவ்வொருவரின் நூலும் குறைந்தது ஒன்று இருக்கட்டும், அவற்றுள் ஒன்றேனும், வட்டத்தில் பெரும்பான்மையாயிருப்பவர்கள் தாமாக எடுத்திருக்கமாட்டாத நூலாக இருக்கட்டும்.