முதல் செலவு தூண்டிலுக்கு இல்லை

கருவியும் கையும் – 17

தங்கவயல் ஸ்கெலட்டனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று கம்பெனி கதவைச் சாத்தியபோது வேலை போனவர்களில் ஒருவர். மாப்பிள்ளைக்குச் சென்னையில் உத்தியோகம். நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து கோவளம் பக்கம் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கிப் போட்டிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமைகளில் கடலில் தூண்டில் போட. "வந்து ஒருதரம் பாருங்க மாமான்னு கூப்பிடறார். நான் கேஜில் இறங்கினவன், படகில் ஏறினதில்லை. போனால் எதைப் பார்க்கணும்?" என்று கேட்கிறார்.

தங்கவயலிலிருந்து கடல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஊருக்கும் கடலுக்கும் உள்ள ஒரே சொந்தம் பாலாறுதான். பேத்தமங்களா ஏரியைத் தொட்டுவிட்டுப் போகிற அந்த ஆறு, தண்ணீர் இருக்கிற வருஷங்களில், கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைச் சேர்கிறது. ஆனாலும் இந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்பது என் எண்ணம். மூன்று கிலோமீட்டர் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கயிறும் கேஜும் அன்றாடம் சோதிக்கப்பட்டு ஏட்டில் ஏறிய பிறகுதான் ஆள் இறங்குவார். உல்லாசப் படகு வாங்குகிறவர்களிடம் இல்லாதது அந்த ஏடுதான்.

அவர்கள் முதலில் வாங்குவது தூண்டில் கழி, ரீல், மீன் இருக்குமிடம் காட்டும் கருவி. கடைசியில் கையில் மிச்சமிருந்தால் லைஃப் ஜாக்கெட். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

படகின் உடம்பிலிருந்து தொடங்குவோம். நம் கரையின் பழைய கலம் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயப் போட்டுவிடுவார்கள். பராமரிப்பு என்று தனியாக ஒன்று கிடையாது, அன்றாட வேலையிலேயே அது அடங்கிவிட்டது. கட்டுமரத்தின் மேல் எத்தனை அலை அடித்தாலும் அது மூழ்காது. 1980களில் குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜில்லே போன்றவர்கள் பிளைவுட் படகுகளைக் கொண்டுவந்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பணத்தோடு ஃபைபர் படகு கரையெங்கும் நிறைந்தது. ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது. உள்ளே தண்ணீர் நிறைந்தால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதைத் தடுப்பது இருக்கைகளுக்கு அடியிலும் அணியத்திலும், அதாவது முன்பக்கத்திலும், அடைத்திருக்கும் நுரைதான்.

அதனால் மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நுரை எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? பழைய படகுகளில் அந்த அறைக்குள் தண்ணீர் ஊறி, நுரை ஈரச் சாக்குபோலக் கிடக்கும். சிலர் சிக்கனம் பார்த்துத் தெர்மோகோலை அடைத்திருப்பார்கள். அதில் பெட்ரோல் சிந்தினால் கரைந்து கூழாகிவிடும்.

இரண்டாவது வேலைக்கு உங்கள் சுத்தியல் போதும். அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், இன்ஜின் தொங்குகிற பலகை வெளியிலிருந்து பார்த்தால் ஃபைபர். உள்ளே பெரும்பாலும் பிளைவுட். நிறைய படகுகள் சாவது அங்கேதான். போல்ட் போடத் துளைத்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே வழவழப்பு குறையாது, உள்ளே மரம் மக்கிக்கொண்டே போகும். சுத்தியலின் பிடியால் கையகலத்துக்கு ஒரு தட்டு என்று முழுப் பலகையையும் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடம் கணீரென்று சொல்லும். மக்கிய இடம் தொம்மென்று அமுங்கிப் பேசும். பிறகு இன்ஜினின் தலையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்ஜினோடு பலகையும் அசைந்தால் மீதியைப் பார்க்க வேண்டியதில்லை, பலகையை மாற்றும் வரை படகு கரையிலேயே கிடக்கட்டும்.

போல்ட் பற்றி ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடையில் "எஸ்.எஸ்." என்று பளபளப்பாகக் கொடுப்பது பல நேரம் 202 கிரேடு. அது வீட்டு ஜன்னலுக்குச் சரி. கடலில் கொஞ்ச நாளிலேயே செம்பழுப்பாகக் கசியும். 304 பரவாயில்லை. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே 316 தான் வேண்டும். மூன்றையும் கண்ணால் பிரித்தறிய முடியாது, காந்தத்தை நம்பியும் பயனில்லை. பில்லில் கிரேடு எழுதித் தருகிற கடையில் வாங்குங்கள்.

இன்ஜினுக்கு வருவோம். உப்பு என்ன செய்கிறது என்பதைச் சுரங்க ஃபிட்டருக்கு நான் விளக்கத் தேவையில்லை என்றாலும், அளவைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அவுட்போர்டு இன்ஜின் அந்தத் தண்ணீரைத்தான் உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் உள்ளே தங்கிய தண்ணீர் சூட்டில் ஆவியாகி, உப்பு மட்டும் குழாய்ச் சுவரில் படியும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு படலம். ஒரு நாள் தெர்மோஸ்டாட் அசையாது, இன்ஜின் கொதிக்கும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர். கடலிலிருந்து வந்த அன்றே, காதில் மாட்டும் ஹெட்ஃபோன் போலிருக்கும் ரப்பர்க் கவ்வியைத் தண்ணீர் உறிஞ்சும் வாய்களில் பொருத்தி, குழாயைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிஷம் இன்ஜினை மெதுவாக ஓட விட வேண்டும். முதலில் தண்ணீர், பிறகுதான் ஸ்டார்ட். தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சக்கரம் பொசுங்கிவிடும்.

அந்த ரப்பர்ச் சக்கரத்தின் பெயர் இம்பெல்லர். நம் கரையில் அதற்கு உப்பைவிடப் பெரிய எதிரி மணல். வெளிநாட்டுக் கையேடுகள் படகுத்துறையில் கட்டிய படகை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் படகு மணலிலிருந்து தள்ளப்பட்டு, அலை உடைகிற இடத்தில் கலங்கிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே வெளியேறுகிறது. மணல் அரைத்த இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்து அப்படியே நின்றுவிடும். கையேடு சொல்லும் கெடு எதுவானாலும் வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள். கீழ்ப்பாகத்தின் போல்ட்டுகளைக் கழற்றி இறக்கினால் பம்ப் மூடி தெரியும். புதிய இம்பெல்லரைப் போட்டு மூடியை இறக்கும்போது, தண்டை அது ஓடும் திசையிலேயே திருப்பிக்கொண்டே அழுத்த வேண்டும். அப்போதுதான் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். போல்ட்டுகளை மாட்டும்போது கடல்வேலைக்கான கிரீஸ் தடவுங்கள். அலுமினியத்துக்குள் இறுகிப்போன ஸ்டீல் போல்ட்டோடு மல்லுக்கட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கும்.

ஓடும்போது இன்ஜினின் பின்புறத்திலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டிருக்கும். பம்ப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. தாரை மெலிந்தால் இன்ஜினை நிறுத்து. இதைப் படகில் ஏறும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

தூண்டில் போடுகிறவர்களின் படகுக்கென்றே ஒரு வியாதி உண்டு. அறுந்த நரம்பு புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அது உருகி, இறுகி, எண்ணெய் சீலை அறுத்துவிடும். கடல்நீர் கியருக்குள் போகும். புரொப்பெல்லரை அடிக்கடி கழற்றித் தண்டைப் பார்த்தால் போதும். கியர் ஆயில் கீழ் ஓட்டையிலிருந்து வடியும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். புது ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது. கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழியும்போது நிறுத்த வேண்டும். இல்லையென்றால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இன்ஜினின் கீழ்ப்பகுதியில் சாம்பல் நிறத்தில் ஒரு உலோகக் கட்டி திருகப்பட்டிருக்கும். துத்தநாகமோ அலுமினியக் கலவையோ. மற்ற பாகங்களை அரிக்க வேண்டிய அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு கரைவது அதன் வேலை. பாதி கரைந்தால் மாற்றுங்கள். அழகுக்காக அதன்மேல் பெயின்ட் அடித்து வைத்திருக்கும் படகுகளைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அடித்த கட்டி ஒன்றுக்கும் உதவாது.

எரிபொருளில் இப்போது புதுத் தலைவலி. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் ஓடும் படகின் டேங்கில் பெட்ரோல் வாரக்கணக்கில் கடற்காற்றில் கிடக்கிறது. ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும், இன்ஜின் முதலில் குடிப்பது அதைத்தான். தினமும் தொழிலுக்குப் போகும் மீனவருக்கு இந்தப் பிரச்சினை குறைவு, அவர் டேங்கில் எண்ணெய் தங்குவதே இல்லை. உல்லாசப் படகுக்குத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் அவசியம். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே வாங்குவது அதைவிட நல்லது. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்று கணக்கு வையுங்கள்.

மின்சாரத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், இணைப்பின் மேல் சூட்டில் சுருங்கும் உறை, பேட்டரி முனைகளில் வாசலின், ஒவ்வொரு கிளைக்கும் ஃப்யூஸ். தண்ணீர் இறைக்கும் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃப்யூஸோடு நேரே பேட்டரிக்குப் போக வேண்டும். யாரோ மெயினை அணைத்துவிட்டுப் போன இரவில்தான் மழை கொட்டும். அப்படியும் பம்பை முழுக்க நம்பாமல், கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கட்டும்.

மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி வைக்கும்போது அணியம் மேலாக, அமரம் தாழ்வாக, அடித்தக்கையைக் கழற்றி வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மூடாமல் கிடந்த படகு தொட்டியாகிவிடும், அந்தக் கனத்தில் அடிப்பகுதி விரிசல் விடும். முட்டுக்காடு, பழவேற்காடு போல உப்பங்கழியில் கட்டிப் போடுகிறவர்களுக்குக் கொட்டலசு பிரச்சினை வேறு. அடியில் ஒட்டிக்கொண்டு வேகத்தைத் தின்றுவிடும். மணலில் ஏற்றி வைக்கிறவர்களுக்கு அது கிடையாது, அவர்களுக்கு அடிக்கட்டை தேய்கிற பிரச்சினை.

ரிப்பேருக்கு ஆள் பிடிப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் காசிமேட்டில் எல்லா விசைப்படகும் பழுது பார்க்கப்படும். நல்ல மெக்கானிக் யாரும் உங்கள் சின்ன இன்ஜினைத் திரும்பிப் பார்க்க மாட்டார். தை, மாசியில் போங்கள்.

இனி படகில் ஏற்ற வேண்டியவை. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதுவும் உடம்பில். இருக்கைக்கு அடியில் பாலிதீன் உறையோடு இருந்தால் கணக்கில் சேராது. இன்ஜினை அணைக்கும் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் காலிலோ இடுப்பிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் இன்ஜின் நிற்கும், இல்லையென்றால் படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும். நங்கூரத்தோடு இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி, ஆழத்தைப்போல ஐந்து மடங்குக்குக் குறையாத கயிறு. இதை அலட்சியம் செய்கிறார்கள். இன்ஜின் நின்றுபோனால் கொண்டல் காற்று உங்களைக் கரையோரம் உடைகிற அலைக்குள் தள்ளும், கச்சான் வீசினால் நடுக்கடலுக்குத் தள்ளும். இரண்டிலும் படகை நிறுத்தி வைக்க நங்கூரத்தை விட்டால் வேறு வழி இல்லை. இவற்றோடு ஒரு ஜோடி துடுப்பு, மாற்று ஸ்பார்க் பிளக், பிளக் ஸ்பேனர், புரொப்பெல்லர் பின், டார்ச், விசில், குடிதண்ணீர்.

கைப்பேசி சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான் வரும். அதற்கு மேல் போகிறவர்கள் உரிமம் பெற்று வி.ஹெச்.எஃப். ரேடியோ வைத்துக்கொள்ள வேண்டும். ஆபத்துக்கு அழைக்க சேனல் 16. கிளம்பும் முன் ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள், அலையின் உயரமும் காற்றும் அதில் இருக்கும். பார்த்துவிட்டுக் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள். அவர் "இன்னைக்கு வேண்டாம் தம்பி" என்றால் அறிவிப்பு என்ன சொன்னாலும் திரும்பிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் தூண்டில் சாமான். அதற்கும் விதி ஒன்றுதான், நல்ல தண்ணீர். ரீலை வேகமான தாரையில் கழுவாதீர்கள், உப்பு உள்ளே போய்விடும். பூவாளித் தூறல்போல நனைத்து, துடைத்து, நரம்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கான டிராகைத் தளர்த்தி வையுங்கள். வஞ்சிரமோ பாறையோ மாட்டும்போது டிராக் இறுகிப்போயிருந்தால் நரம்பு அறுந்துவிடும்.

ஸ்கெலட்டன் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கோவளம் போகும்போது ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயில் எப்போது மாற்றியது, யார் கழுவியது, கிளம்பும் முன் எதைச் சோதித்தது, கீழே கையெழுத்து. மாப்பிள்ளை முதலில் சிரிப்பார், எழுத வையுங்கள். முதல் பக்கத்தில் இரண்டு எண்களை நீங்களே எழுதிக் கொடுங்கள்: கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும். அந்த நேரம் தாண்டினால் 1554க்கு அழைக்க வேண்டியவர் அவர்தான்.

(தொடரும்)