பெட்டிக்குள் ஒரு கண்ணாடி

'டாலர்' என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது அமெரிக்கா அல்ல. கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கந்தான்! ஆனால் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் அதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. அக்கரைச் சீமைக்குக் கொண்டுவிற்கப் போன பாட்டனார்கள் இரும்புப் பெட்டியில் போட்டுவைத்த வெள்ளி நாணயம் அது. மலாய் நாட்டுத் தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்றே அழைத்தார்கள். சிங்கப்பூர்த் தமிழர்களின் வாயில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது.

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தியின் கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். வளவில் பாத்திரங்கள் மலைபோல் குவிந்திருந்தன. நடுவில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு தாம்பாளத்தில் நாற்பது வெள்ளிக்காசுகள். பக்கத்தில் ஒரு கிண்ணம் புளி, ஒரு கிண்ணம் சாம்பல்!

"எங்க மாமனார் பினாங்குல இருந்து கொண்டாந்தது, தம்பி. கறுத்துப் போய்க் கிடக்கு. இதை இப்படியேவா சபையில வைக்கிறது?" என்றார் ஆச்சி. பாதிக் காசுகள் அதற்குள் புளிக்குளியல் முடித்துப் பளபளவென்று இருந்தன.

மீதியில் ஒன்றை ஓரத்தைப் பிடித்து எடுத்தேன். ஒரு பக்கம் கையில் சூலம் தாங்கி நிற்கும் பிரிட்டானியா தேவி. மறுபக்கம் சீன எழுத்தும் மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தும். விளிம்பில் லேசாக நீலமும் பொன்னிறமும் கலந்த பூச்சு. வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்தேன். தேவியைச் சுற்றியிருந்த வெற்றிடத்தில் வளவின் தூண் தெரிந்தது. ஆச்சியின் மூக்குத்திகூடத் தெரிந்தது!

"ஆச்சி, இந்தக் காசில் மட்டும் புளி படவேண்டாம்" என்றேன்.

"ஏன், இது மட்டும் என்ன தனிப் பிறவியா?" என்று கேட்டார் ஆச்சி.

தனிப் பிறவிதான். அது எப்படி என்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

பள்ளத்தூர்க்காரர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லைத் தெரியாமல் இராது. அந்தத் தரைக்கல்லுக்குப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? கண்ணாடிப் பலகையின்மேல் வர்ணச் சிமிட்டியை ஊற்றி வார்க்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. நாணயமும் அப்படித்தான். நாணயசாலையில் எஃகு அச்சைப் புதிதாக மெருகேற்றி வெள்ளி வில்லையின்மேல் ஓங்கி அழுத்தும்போது, அச்சின் மெருகு காசில் பதிகிறது. முதலில் விழும் காசுகளுக்குத்தான் அந்த யோகம்! அடிக்க அடிக்க அச்சு தேய்கிறது. அழுத்தத்தில் பரவும் உலோகம் அதில் நுண்ணிய கோடுகளை உண்டாக்குகிறது. பின்னால் வரும் காசுகளிலும் பளபளப்பு உண்டு. முகம் மட்டும் தெரியாது.

அமெரிக்காவில் இந்தக் கண்ணாடிக் காசுகளைத் தேடிச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 1878 முதல் 1904 வரையிலும், மறுபடி 1921-லும் அங்கே அடிக்கப்பட்ட வெள்ளி டாலருக்கு, அதை வரைந்த சிற்பியின் பெயரால் 'மார்கன் டாலர்' என்று பெயர். காசை அச்செழுத்துக்கு எதிரே செங்குத்தாக நிறுத்தி, எத்தனை அங்குல தூரத்து எழுத்தைக் காசில் படிக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு முதல் நான்கு அங்குலம் தெரிந்தால் நல்ல காசு. ஆறு அங்குலத்துக்கு மேல் தெரிந்தால் கொண்டாட்டந்தான்!

அந்த அமெரிக்க டாலருக்கும் நம் பெட்டிக்கும் ஒரு பந்துத்துவம் உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது இந்தியாவில் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்பவர்கள் பெருகினார்கள். சர்க்காரிடம் வெள்ளி வற்றிப்போயிற்று. 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்து, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்தியாவின் ரூபாய்த் தேவைக்காகக் கப்பலேறியது. ஆகவே உங்கள் மாமியார் கொடுத்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1919 என்று போட்டிருந்தால், அது முற்பிறவியில் ஒரு மார்கன் டாலராக இருந்திருக்கலாம்!

உருகாமல் தப்பிய டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகச் சாக்குகளில் அடைபட்டு அரசாங்க நிலவறைகளில் தூங்கின. 1962-ன் கடைசியில், கிடைக்கவே கிடைக்காது என்று எண்ணியிருந்த சில வருஷத்துக் காசுகள் அந்தச் சாக்குகளிலிருந்து வெளிவந்தன. உடனே ஜனங்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். 1964 மார்ச்சில் சர்க்கார் கொடுப்பதை நிறுத்தும்வரை அந்த வேட்டை ஓயவில்லை.

ஆச்சியின் காசுக்கும் கதை உண்டு. பிரிட்டிஷ் வர்த்தக டாலர் என்ற அந்த நாணயத்தை 1895 முதல் பெரும்பாலும் பம்பாயிலேதான் அடித்தார்கள். சூலத்தின் நடுமுனையில் 'பி' என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருந்தால் அது பம்பாய்க் குழந்தை. பம்பாயில் பிறந்து, பினாங்கில் புழங்கி, பள்ளத்தூரில் வந்து ஓய்வெடுக்கிறது!

இதையெல்லாம் கேட்ட ஆச்சி, தேய்த்து முடித்த இருபது காசுகளையும் பார்த்தார். "அப்ப, இதுகள்?" என்றார் மெதுவாக.

எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். புளி அதைக் கரைக்கும்போது மேலே இருக்கும் வெள்ளியும் கூடவே போகிறது. சாம்பலோ கோடு கோடாகக் கீறிவிடுகிறது. பிறகு வருவது தேய்த்த பளபளப்பு. பிறவிப் பளபளப்பு அல்ல. போன கண்ணாடியை எந்தத் தட்டானாலும் திருப்பித் தரமுடியாது.

ஆச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு புளிக்கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "பினாங்குக் கடையில மாமாவோட கைக்கு வந்தப்போ இது இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா?" என்றார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படிச் சில காசுகள் இருக்கலாம். ஆகவே சில வார்த்தைகள்: தேய்க்காதீர்கள். தூசி இருந்தால் சுத்தமான தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். விரலை விளிம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. மெத்தென்ற மலிவான பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம். நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஏறிவிடும். சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்தால், காசு என்ற மதிப்பு போய்ப் பதக்கம் என்ற மதிப்பே மிஞ்சும்.

யாராவது விற்க வந்தால் தராசை நம்புங்கள். வர்த்தக டாலர் 26.95 கிராம்; மார்கன் டாலர் 26.73 கிராம், பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். இரண்டு டாலரிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. காந்தத்தில் ஒட்டினால் வந்த வழியே அனுப்பிவிடுங்கள். ஒட்டாத போலிகளும் ஏராளம்! நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயங்களைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்ப, 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

நான் விடைபெற்றபோது தாம்பாளத்தில் தேய்த்த காசுகள் ஒரு பக்கமும், கறுத்த காசுகள் மறுபக்கமுமாக இருந்தன. கண்ணாடிக் காசை மட்டும் ஆச்சி ஒரு வெள்ளைத் துணியில் தனியே முடிந்துகொண்டிருந்தார்.

"இது சபைக்கு இல்லை, தம்பி. பேத்தி கையில நானே கொடுத்து, தேய்க்காதேன்னு சொல்லப்போறேன்" என்றார்.